நிழல் விழுந்த பக்கம்

ஜூன் 3, 2024, திங்கள்

நகரைச் சுற்றும் வட்ட ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம். இன்சீனில் ஏறும்போதே கட்டியிருந்த லோஞ்சியின் ஓரம் நனைந்துவிட்டது. பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்தபோது நிலையத் தலைவி டோ தின், என் மாணவர்கள் எட்டுப் பேரையும் கூடத்தில் நிற்கவைத்துத் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கூடத்தின் நான்கு சுவர்களிலும் பண்டைய உலகத்தின் நான்கு கட்டட முகப்புகள். ப்ளைவுட்டில், தரையிலிருந்து கூரை வரை. வெளிநாடு போய்ப் பார்க்க வழியில்லாத பிள்ளைகள் இங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். முதல் முகப்புக்கு ஆகஸ்ட் 10 திறப்பு, மற்றவை பிறகு. முதல் முகப்பை நான் தேர்ந்தெடுக்கலாம்.

யோசிக்கவே இல்லை. லெஃப்காடியாவின் தீர்ப்புக் கல்லறை என்றேன். வடக்கு கிரீஸில், மக்கெதோனியர் கட்டியது, இரண்டாயிரத்து முந்நூறு வருடம் பழையது. இருபது வருடமாக வகுப்பில் அதை நடத்துகிறேன். நேரில் பார்த்ததில்லை.

செய்யப்போகிறவள் தாமுவேயில் கல்யாண மேடை போடும் ஸமீரா. முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவளாம். டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிங்க சயாமா" என்றாள். பிள்ளைகள் பர்மியத்தில் டீச்சரை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுத் தானும் சயாமா என்கிறாள். நான் ஒரு மாணவியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னேன்.

படத்தைக் காட்டினேன்.

"இது கோயிலா சயாமா?"

"கல்லறை."

"மாடியெல்லாம் இருக்கு. ஜன்னல் இருக்கு."

"ஜன்னல் திறக்காது. மாடியும் கிடையாது. பின்னால ரெண்டு ரூம்தான். முன்பக்கம் மட்டும் அப்படிக் காட்டியிருக்காங்க. அடக்கம் முடிஞ்சதும் மேல மண்ணைக் கொட்டி மேடாக்கி மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா? அப்ப இவ்வளவும் யாரு பாக்க?"

இருபது வருடத்தில் ஒரு மாணவர்கூடக் கேட்காத கேள்வி. "அளவை எழுதிக்க" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

முகப்பைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி ஸமீராவிடம் கொடுத்தேன். கீழே நான்கு அரைத்தூண்கள். பாதி சுவருக்குள், பாதி வெளியே, எதையும் தாங்காதவை. கல் சாதாரணக் கல். மேலே சாந்து பூசிப் பளிங்கு போலக் காட்டியிருக்கிறார்கள். தூண்களுக்கு இடையில் நான்கு ஓவியங்கள்: இடது ஓரத்தில் இறந்துபோன போர்வீரன், பக்கத்தில் அவனை அழைத்துவந்த ஹெர்மிஸ் கடவுள், கதவுக்கு அந்தப் பக்கம் பாதாளத்தின் நீதிபதிகள் இருவர். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் கோலில் சாய்ந்து நிற்கிறார். வீரன் தன் கணக்கைச் சொல்ல வந்தவனைப் போல நேராகப் பார்க்கிறான்.

தூண்களுக்கு மேலே வரிசையாகப் பதினோரு சதுரங்கள். குதிரை உடல் கொண்ட மனிதர்களோடு சண்டை. அதற்கும் மேலே நீளமாக ஒரு போர்க்காட்சி, சாந்தைப் புடைப்பாக எழுப்பி வண்ணம் தீட்டியது. பிறகு மெல்லிய தூண்கள், திறக்காத ஏழு சன்னல்கள்.

சதுரங்களும் புடைப்புச் சிற்பம்தான் என்று எழுதினேன். ஃபோம் அட்டையில் வெட்டி ஒட்ட வேண்டும்.

ஜூன் 12, புதன்

இன்று ஒரு சின்ன உரசல்.

ஸமீரா ஒரு சதுரத்தை மாதிரிக்குச் செய்துகொண்டு வந்தாள். ஃபோம் இல்லை. வெறும் பலகையில் வரைந்த படம். குதிரை மனிதன் ஒருவனின் முடியைப் பிடித்து இழுக்கிறான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் கேட்டது அது இல்லை.

"இது செதுக்குனது இல்ல சயாமா. வரைஞ்சது" என்றாள்.

எட்டு மாணவர்கள் இருந்தார்கள். டோ தின் இருந்தார். ஸமீரா தன் போனில் எங்கிருந்தோ எடுத்த ஒரு வண்ணப் படத்தைக் காட்டினாள். "பாருங்க, லைட்டை வலப்பக்கமா வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. தூணோட நிழல் இடப்பக்கம் விழுது. ஆனா இந்தக் குதிரைக்காரனுக்கு நிழல் வலப்பக்கம் இருக்கு. நெசமாவே செதுக்கியிருந்தா இவன் நிழலும் தூணு நிழல் கூடத்தான விழும்? மேடையில நாங்களும் இப்படித்தான் நிழல் போடுவோம், பலகையில பூவை எழுப்பிக் காட்ட."

போன் திரையில் கட்டைவிரல் அளவுப் படம். அதில் நிழலைப் பார்க்கிறாளாம். நான் சொன்னேன்: "ஸமீரா, இதைப் படிச்சது நீயா, நானா?"

பர்மியத்தில் சொன்னேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று. இரண்டு பையன்கள் சிரித்தார்கள். மாணவி ஃபக்ருன்னிசா மட்டும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள். பலகையைத் திருப்பி, பின்புறம் சிவப்புப் பேனாவால் 'தவறு' என்று எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். விடைத்தாள் திருத்துகிற கை, பழக்கம்.

நான் சொன்னதில் தவறில்லை. குரல்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

டோ தின் கேட்டார்: "அந்தப் பெண் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாள்?" பதினோரு சதுரம் ஃபோமில் வெட்ட இரண்டு வாரம் ஆகும், வரைந்தால் நான்கு நாள், வேலையைக் குறைக்கப் பார்க்கிறாள் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

பக்ரீத் முடிந்து வந்து ஸமீரா நான் சொன்னபடியே ஃபோம் உருவங்களை ஒட்டிவிட்டாள். வாதமே இல்லை. "தலையை இன்னும் வெளியே கொண்டுவா" என்றேன், கொண்டுவந்தாள்.

மாலையில் டோ தின் அவளைக் கூப்பிட்டு, மீதி மூன்று முகப்புகளை மாவ்பியிலிருந்து வரும் குப்புசாமி செய்வார் என்று சொல்லிவிட்டார். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர். ஸமீரா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வரேன் சயாமா" என்றாள்.

நான் அப்போது எதையோ எழுதிக்கொண்டிருப்பதுபோல இருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

சுவரில் ஒட்டும் விளக்கத்துக்கு முகப்பின் சரியான அளவு வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் ரேவதிக்கு எழுதியிருந்தேன், என்னோடு எம்.ஏ. படித்தவள், அங்கே ஒரு நூலகத்தில் வேலை. முப்பது பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். காலையில் மின்சாரம் வந்த நான்கு மணி நேரத்தில் இறக்கிப் படித்தேன்.

ஒன்பதாவது பக்கம். சதுரங்கள் செதுக்கப்பட்டவை அல்ல. ஓவியங்கள். புடைப்புச் சிற்பம் என்று கண் நம்பும்படி ஒளியும் நிழலும் கொடுத்துத் தீட்டப்பட்டவை.

மூன்று முறை படித்தேன். கூடவே பெரிய வண்ணப் படம். தூணின் நிழல் இடப்பக்கம். குதிரை மனிதனின் நிழல் வலப்பக்கம்.

என் பழைய குறிப்பைத் தேடி எடுத்தேன். குறிப்பு என்ன குறிப்பு — பன்சோடான் தெருவில் எடுத்த போட்டோகாப்பி. போட்டோகாப்பியின் போட்டோகாப்பி. கருப்பு வெள்ளை. நிறம் போய்விட்டது, ஓவியத்தின் கோடு போய்விட்டது, கறுத்த நிழல் மட்டும் மிச்சம். அதில் எல்லாம் கல்லாகத்தான் தெரியும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விளக்க வரியே இல்லை; 'புடைப்பு' என்று நானே பென்சிலால் எழுதியிருக்கிறேன். இருபத்து நான்கு வயதில். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. எத்தனை வகுப்பு? எத்தனை பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதி என்னிடம் மதிப்பெண் வாங்கினார்கள்?

அவள் கட்டைவிரல் அளவுப் படத்தில் பார்த்தாள்.

ஜூலை 3, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

அப்படியே விட்டுவிட்டால் என்ன? இந்த ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது? சுவரில் ஃபோம் இருந்தால் என்ன, பெயின்ட் இருந்தால் என்ன? இரண்டு நாளாக இதே.

கணவர் கோ ஸோவிடம் சாப்பாட்டு நேரத்தில், யாரோ ஒருவரின் கதைபோலச் சொன்னேன். அவர் முப்பது வருடம் இன்சீன் ரயில்வே பட்டறையில் இருந்தவர். மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்கள் வேலையில் ஒரு போல்ட்டைத் தப்பாக மாட்டினால் வண்டி நின்றுவிடும். உங்கள் வேலையில் எதுவும் நிற்காது. வண்டி பாட்டுக்கு இருபது வருடம் ஓடும்."

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா? இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். முதல் தடவையாக அது கோழைத்தனமாகப் படுகிறது.

ஜூலை 11, வியாழன்

டோ தின்னிடம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு: "வெளிநாட்டிலிருந்து புதிய ஆய்வு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன்படி சதுரங்களை ஓவியமாக மாற்ற வேண்டும்."

புதிய ஆய்வு! நான் பிறப்பதற்கு முன்பே அச்சான புத்தகம்.

டோ தின் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தான் செய்ததைத் தானே திருத்திக்கொள்கிற ஆள் எங்கே கிடைக்கிறார்? உங்களைப் போன்ற படிப்பாளி எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்" என்றார். நான் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஏற்றுக்கொண்டேன். சாய்த்த அந்தக் கோணம்கூட நினைவிருக்கிறது. சீ.

ஃபோம் உருவங்களைப் பிடுங்கிக் குப்பைச் சாக்கில் போட்டார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து ஸமீரா வெட்டியவை. ஓவியங்களைக் குப்புசாமி செய்வார்.

ஜூலை 22, திங்கள்

வாசோ பௌர்ணமி விடுமுறை முடிந்து போனால் குப்புசாமி பதினோரு பலகைகளோடு காத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். தொட்டால் தட்டை, இரண்டடி தள்ளி நின்றால் குதிரையின் மார்பு வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. பதினொன்றிலும் ஒளி ஒரே பக்கத்திலிருந்து.

"கை இருக்கு உங்களுக்கு" என்றேன். டோ தின்னையும் கூப்பிட்டுக் காட்டி, பாராட்டச் சொன்னேன். குப்புசாமி நெளிந்தார். அடக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாவது பலகையை ஏணியில் ஏறி மாட்டும்போது அது அவர் கையில் திரும்பியது. பின்புறம் சிவப்பு எழுத்து. 'தவறு'. ஜூன் 12. என் கையெழுத்து.

டோ தின் போன பிறகு கேட்டேன். ஏணியிலிருந்து இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் பந்தக்காரன் சயாமா. தூணு நிறுத்தச் சொல்லுங்க, துணி கட்டச் சொல்லுங்க. மூஞ்சி வரைய எனக்கு எங்க வரும்? தாமுவேயில அந்தப் பொண்ணுதான் போட்டுக் குடுத்துச்சு. பத்துப் பலகைதான் கொண்டுபோனேன். ஒண்ணு என்கிட்ட ஏற்கெனவே இருக்குன்னுச்சு."

"என் பேரைச் சொன்னீங்களா?"

"எதுக்குன்னு கேட்டுச்சு, சொன்னேன். சிரிச்சுச்சு. டோ தின் பெரியம்மாகிட்ட சொல்லிடாதீங்க சயாமா."

சொல்லமாட்டேன் என்றேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூலை 25, வியாழன்

தாமுவே. சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. ஸமீரா ஒரு பெரிய பலகையில் மல்லிகைச் சரம் வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்து, மேலே துணி விரித்து உட்காரச் சொன்னார். கடைப் பையனை லபெயே டீ வாங்கிவர அனுப்பினார். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி ஸமீரா. அது வரைஞ்சதுதான். நான் தப்பா சொல்லிட்டேன்."

"தெரியும் சயாமா."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டுக் கத்துனீங்களே, அதுக்கு முன்னாடியே தெரியும்." தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கோபமாகக்கூட இல்லை.

மன்னிச்சுக்க என்றேன். தூரிகையை டின்னில் செருகினார். பிறகு கேட்டார்:

"வேலையைக் குறைக்கப் பாக்குறான்னு பெரியம்மாகிட்ட சொன்னீங்களாமே?"

டோ தின் மேசைக்குப் பக்கத்தில் அன்று யார் இருந்தார்கள்? யார் இருந்தால் என்ன. சொன்னேன்தானே. "சொன்னேன்" என்றேன்.

"ஃபக்ருன்னிசா எங்க தெருப் பொண்ணு. அதுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும். அந்தப் புள்ளை மேல தப்பில்ல, வருத்தப்பட்டுத்தான் சொல்லியிருக்கு. ஆனா ஒரு நிக்காஹ் மேடை கைவிட்டுப் போச்சு. காலேஜ்ல வேலை தெரியாம ஏமாத்தப் பாத்தவளாம் நான்."

"அதான் வந்து சொல்றேன்..."

"எங்க வந்து சொல்றீங்க? அங்க எட்டுப் புள்ளைங்க இருந்துச்சு, பெரியம்மா இருந்தாங்க. இங்க யாரு இருக்கா? இந்தப் பூனை இருக்கு." பலகைக்கு அடியில் நிஜமாகவே ஒரு பூனை படுத்திருந்தது. "இதுகிட்ட நான் நல்லாத்தான் பேர் வாங்கியிருக்கேன் சயாமா."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"அங்கேயே சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பழைய பக்கங்களைப் புரட்டினேன். குப்புசாமி, முதல் நாளிலிருந்தே 'அவர்'. ஸமீரா, ஜூலை 25 வரை 'அவள்'. யாரும் படிக்காத இடத்தில்தான் நான் எப்படிப்பட்டவள் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 10, சனி

திறப்பு முடிந்தது. அறுபது பேர் இருப்பார்கள். பைக்குள் ஒரு காகிதம் இருந்தது. நான்கே வரி எழுதி வைத்திருந்தேன். டோ தின் என்னை அறிமுகம் செய்யும்போது, புதிய ஆய்வைப் படித்துத் தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட கதையைச் சொன்னார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை எப்படி எடுப்பது? தூண்களைப் பற்றிப் பேசினேன். மண்மேட்டைப் பற்றி, திறக்காத சன்னல்களைப் பற்றி, இறந்தவனையும் நீதிபதிகளையும் பற்றி. இருபது நிமிடம் தடங்கலில்லாமல். குப்புசாமிக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். பாம்பைப் பிடித்தவர்போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸமீராவை யாரும் அழைத்திருக்கவில்லை. ஃபக்ருன்னிசா கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொல்லவில்லை. சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயதாகிறது எனக்கு.

ஆகஸ்ட் 14, புதன்

சொல்லிவிட்டேன்.

வகுப்பைக் கூடத்திலேயே வைத்தேன். டோ தின்னையும் வரச்சொன்னேன். குப்புசாமியிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "அந்தப் பூச்செண்டு வாங்குனதுலேருந்து எனக்கும் தூக்கம் இல்ல, சொல்லிடுங்க" என்றார்.

ஒரு பையனை ஏணியில் ஏற்றி மூன்றாவது சதுரத்தைக் கழற்றச் சொன்னேன். திருப்பிக் காட்டினேன். இது என் கையெழுத்து. இதை எழுதிய அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். தவறு என்னுடையது, இந்தப் படத்தில் தவறே இல்லை. புதிய ஆய்வு என்று எதுவும் கிடையாது. பதினொன்றையும் வரைந்தவர் ஸமீரா. அவர் வேலையைக் குறைக்கப் பார்க்கவில்லை. நான் அப்படிச் சொன்னது பொய். இருபது வருடமாக நான் நடத்தியது ஒரு மங்கிய போட்டோகாப்பியை.

அன்று சிரித்த பையன்களில் ஒருவன் கேட்டான்: "அப்படியானால் சயாமா, அந்த ஓவியர் உங்களை ஏமாற்றிவிட்டாரா?" ஆமாம் என்றேன். இரண்டாயிரத்து முந்நூறு வருடம் கழித்தும்.

டோ தின் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கையைப் பிடிக்கவில்லை. மீதி முகப்புகளின் பொறுப்பை வேறொருவர் பார்ப்பார் என்று மாலையில் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. ஸமீராவுக்கு டோ தின் தானே போன் செய்வதாகச் சொன்னாராம்.

மூன்றாவது சதுரத்தைத் திரும்ப மாட்டும்போது பின்புறம் வெளியே தெரியும்படி மாட்டச் சொன்னேன். பத்துப் படங்கள், நடுவில் ஒரு சிவப்புத் 'தவறு'. இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

விளக்கப் பலகையை மாற்றி எழுதினேன். 'வரைந்தவர்: ஸமீரா, தாமுவே. மேடை அமைப்பு: குப்புசாமி, மாவ்பி.' என் பெயரை எடுத்துவிட்டேன். எடுத்தபோது ஒரு நிம்மதி. அந்த நிம்மதியின் மேலும் ஒரு சந்தேகம்.

ஆகஸ்ட் 28, புதன்

ஸமீரா வந்திருந்தார். இரண்டாவது முகப்புக்கு அளவெடுக்க. எனக்கு அங்கே வேலையில்லை. வகுப்பு முடிந்து கூடத்தைக் கடக்கும்போதுதான் பார்த்தேன். மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இதென்ன சயாமா?"

என் கையெழுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான், என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"உங்க எழுத்தைப் பாக்கவா ஆளுங்க வர்றாங்க? என் படத்தை ஏன் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கீங்க?"

இரண்டு வாரமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, நான் எவ்வளவு நேர்மையானவள் என்று—

ஏணியைக் கொண்டுவந்தேன். அவரே ஏறிக் கழற்றித் திருப்பி மாட்டினார். குதிரை மனிதன் முடியைப் பிடித்து இழுக்கிறான். நிழல் வலப்பக்கம் விழுகிறது. சிவப்பு எழுத்து இனி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும்; அது அங்கே இருப்பது எங்கள் சிலருக்குத் தெரியும், போதும்.

இறங்கியதும் பையிலிருந்து டேப்பை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போய் ஒரு முனையை வாங்கிக்கொண்டு, எதிர்ச் சுவரின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"ஆடாம பிடிங்க" என்றார். பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில் தவறிவிட்டது.